காதுக்குப் பின்னால் ஒரு வளையம்

அந்த வளையத்தின் எடை இருபத்தெட்டு கிராம். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, கறுப்பு நிறம், கீழே விழுந்தால் பீங்கான் போல உடையும். பேச்சுக் கருவியின் கனெக்டருக்குள் அது இருந்தவரை, கருவியை அணிந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே புகார்தான்: காதுக்குப் பின்னால் தோல் இழுக்கிறது. கருவி செய்த நிறுவனம் கனெக்டரை மாற்றியது. புதியது முழுக்கப் பிளாஸ்டிக். மாட்டியிருப்பதே தெரியாது. இரும்பு ஆக்சைடைச் சுட்டுச் செய்த அந்த ஃபெரைட் வளையத்தை எடுத்துவிட்டதாக உடன் வந்த தாளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்தவுடன் பதறியிருக்கக்கூடிய ஆள் அந்த மருத்துவமனைப் பக்கம் வந்து போகிறவர்களில் கோகிலவாணி ஒருத்திதான். அவளும் தாளைப் படிக்கவில்லை.

கோகிலவாணிக்கு அதுதான் தொழில். கோவை கணபதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். மோட்டாரோ, மருத்துவக் கருவியோ, காரின் கதவுப் பூட்டோ, எது வந்தாலும் செப்புத் தகடு வேய்ந்த அறைக்குள் வைத்து, அதிலிருந்து என்ன இரைச்சல் வெளியே கசிகிறது, வெளியிலிருந்து என்ன இரைச்சல் உள்ளே நுழைகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். காதால் கேட்கும் இரைச்சல் இல்லை. கம்பிகளில் ஓடும் இரைச்சல்.

அவள் கணவன் பூபதி நில அளவையர். பக்கவாதம் வந்து ஒரு வருடமாகிறது. வலது பக்கமும் பேச்சும் போயின. மண்டைத் தோலுக்கு அடியில் ஒரு சில்லு வைத்தார்கள். அதிலிருந்து காதுக்குப் பின்னால் ஒரு கனெக்டர், கனெக்டரிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முடிவில் மார்பில் தொங்கும் சிறிய பெட்டி. பெட்டி அவர் குரலிலேயே பேசும்.

முதல் நாளே மருத்துவர் அவளுக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். "மனசுக்குள்ள வார்த்தையா ஓடுறது எல்லாத்தையும் சில்லு மாத்தி அனுப்பிட்டேதான் இருக்கும். ஆனா பெட்டி எல்லாத்தையும் பேசாது. சொல்லணும்னு அவர் நினைக்கிறதை மட்டும் பேசும். மத்ததை அப்படியே விட்டுரும். அதனால பயப்படாதீங்க, அவருடைய அந்தரங்கம் அவர்கிட்டயே இருக்கும்."

பயப்படுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பூபதி முன்பும் அதிகம் பேசாதவர். பெட்டி வந்த பிறகும் தண்ணி, ஃபேன், கால் மரத்துப் போச்சு, உனக்கு லேட்டாகுதே கிளம்பு. அவ்வளவுதான்.

திங்களும் வியாழனும் காலையில் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி. நீளமான கூடம். பத்து நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் தோள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. பெட்டிகளை எல்லாம் சுவரோரம் ஒரே வரிசைப் பலகையில் சார்ஜில் போட்டுவிடுவார்கள். பத்துப் பெட்டிகளும் உரக்கப் பேசினால் கூடம் சந்தையாகிவிடும் என்று, துணைக்கு வந்தவர்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். அவரவர் ஆளின் குரல் அவரவர் காதுக்குள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் பழக்கமில்லை.

கனெக்டரை மாற்றிய மறு வாரம், ஒரு வியாழக்கிழமை, கோகிலவாணி பூபதியின் இடது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பயிற்சியாளர் ஷைலஜா காட்டிய படத்தைப் பார்த்து பூபதி "குடை" என்றார். உடனே, அதன் தொடர்ச்சி போலவே, பெட்டி சொன்னது: "இவ பக்கத்துல இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அப்படி ஒரு வாக்கியம் கேட்டதில்லை. அன்று வேலைக்குப் போய் ஒரு வாஷிங் மெஷினின் அளவுகளைத் தப்பாகக் குறித்துக்கொண்டாள். திருத்தும்போதுகூடச் சிரிப்பு வந்தது.

அடுத்த வியாழன் அதே குரல் காதுக்குள் சொன்னது: "ஹேமா, அந்தப் பச்சைச் சேலை உனக்கு நல்லாருக்கு."

கோகிலவாணி நீலச் சுடிதார் அணிந்திருந்தாள்.

யார் ஹேமா என்று கேட்டாள். பூபதி புரியாமல் பார்த்தார். "எந்த ஹேமா?" என்றது பெட்டி. அவள் மறுபடி கேட்டாள். நான் எதுவும் சொல்லவில்லையே என்றார். தன் காதால் கேட்டதை அவர் இல்லை என்கிறார். அது அவளுக்கு, அந்தப் பெயரைவிட அதிகமாகச் சுட்டது.

அதன்பின் ஒவ்வொரு பயிற்சியிலும் ஹேமா வந்தாள். ஹேமாவுக்குத் தோள் வலி. ஹேமா நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. ஹேமா கண்ணாடி போட்டால் வேறு மாதிரி அழகு. வீட்டில் ஒருமுறைகூட அந்தப் பெயர் வந்ததில்லை. பதினெட்டு வருடம் இரைச்சலைத் தேடிப் பிடித்தவள் அந்த இடத்திலேயே நின்று யோசித்திருக்க வேண்டும்: ஏன் கூடத்தில் மட்டும்? ஆனால் அவள் மனம் அதற்கு உடனே ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தது. வீட்டில் எச்சரிக்கையாக இருக்கிறார். பயிற்சியில் களைத்துப்போகும்போது உளறிவிடுகிறார்.

ஷைலஜாவிடம் பெயர் சொல்லாமல் சுற்றி வளைத்து விசாரித்தாள். சில சமயம் நினைப்பது நழுவி வெளியே வந்துவிடும், எல்லோருக்கும் அப்படித்தான் என்று ஷைலஜா ஆறுதலாகச் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னது சாட்சியாகிவிட்டது. நினைக்கிறார், நழுவுகிறது.

பூபதியின் பழைய சக ஊழியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். உடுமலை அலுவலகத்தில் ஹேமலதா என்று ஒருவர் இருந்ததாக ஒருவர் சொன்னார். ஞாயிறு காலை பஸ் ஏறி உடுமலைக்கே போய்விட்டாள். கதவைத் திறந்தது ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, அறுபத்தைந்து வயதிருக்கும். பூபதியை நினைவுபடுத்திக்கொள்ளவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒருமுறை மழையில் குடை கொடுத்த பையன்தானே, நல்ல பையன், இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டுக் காபி கொடுத்தார். கோகிலவாணி அந்தக் காபியைக் குடித்துவிட்டு எதற்கு வந்தேன் என்று சொல்லாமலே திரும்பினாள். பஸ்ஸில் அவமானமாக இருந்தது. ஆனால் அவமானம் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. இந்த ஹேமா இல்லையென்றால் இன்னொரு ஹேமா.

மறுநாள் காலை அவள் கம்பியையும் பெட்டியையும் கழற்றி அலமாரியில் வைத்தாள். பேட்டரியில் கோளாறு, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்றாள். பயிற்சிக்கும் போகவில்லை. பூபதி இடது கையால் மார்பைத் தடவி, பெட்டி இல்லாத இடத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டார். வந்துவிடும் என்றாள். பதினோரு நாள் அப்படிப் போயிற்று. தண்ணீருக்கு அவர் டம்ளரைத் தட்ட வேண்டியிருந்தது. ஏழாம் நாளுக்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. டம்ளரையும் தட்டவில்லை. அவள் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஒரு மனிதனுக்கு ஒருமுறை போன வாயை இரண்டாம் முறை எடுத்திருக்கிறாள். தெரிந்தும் அலமாரியைத் திறக்க மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவளுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. செப்பறையில் உட்கார வைத்தால் வெளியிலிருந்து எந்தக் குறுக்கீடும் இருக்காது. அங்கே அவர் சொல்வது சுத்தமாக அவருடையது. மறுக்க முடியாது. காலையில் சக்கர நாற்காலியில் அவரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கம்பியை மாட்டி, கனமான கதவைச் சாத்தி, எதிரே உட்கார்ந்தாள். ஹேமா என்ற பெயரை அவளே பல தடவை சொன்னாள். பச்சைச் சேலை என்றாள். தோள் வலி என்றாள்.

நீண்ட நேரம் கழித்துப் பெட்டி பேசியது. "கோகி, நான் என்ன பண்ணுனேன்?"

இரண்டு மணி நேரத்தில் அது ஒன்றுதான்.

அப்போதுதான் அவள் மனைவியாக இல்லாமல் தொழில்காரியாக அந்தக் கம்பியைப் பார்த்தாள். கனெக்டரைக் கழற்றி விளக்கடியில் பிடித்தாள். முன்பு வளையம் இருந்த இடம் காலியாக இருந்தது. நாலரை அடிக் கம்பி, தடுப்பு எதுவும் இல்லாமல், நல்ல ஆன்டெனாவாக அவர் காதில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மேசை இழுப்பறையில் அவளிடம் அம்மாதிரி வளையங்கள் நூறு இருந்தன. இரண்டு பாதியாகத் திறந்து கம்பிமேல் கவ்வி மூடும் வகை. ஒன்றை எடுத்துக் காதுக்கு அருகில் கவ்வினாள். தோல் இழுக்கிறதா என்று கேட்டாள். பரவாயில்லை என்றார்.

வியாழக்கிழமை வளையத்தோடு கூடத்துக்குப் போனார்கள். ஹேமா வரவில்லை. சோதனை என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வளையத்தைக் கழற்றினாள். அப்போதும் ஹேமா வரவில்லை. ஒரு கணம் பழைய சந்தேகம் மேலெழுந்தது. பிறகுதான் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தாள்.

அங்கே உட்காருகிறவர் எங்கே என்று ஷைலஜாவைக் கேட்டாள். சம்பத்குமார், கிணத்துக்கடவு, பஸ் டிரைவராக இருந்தவர். மூன்று வாரமாகிறது, வருவதில்லை. மனைவி பெட்டியைக் கழற்றிவிட்டாராம், கூப்பிட்டாலும் சண்டைக்கு வருகிறாராம். மனைவியின் பெயர் என்ன என்று கோகிலவாணி கேட்டாள். ஷைலஜா பதிவேட்டைப் புரட்டினாள்.

"ஹேமா."

கோகிலவாணி அதை ஏற்கெனவே எதிர்பார்த்துத்தான் கேட்டாள். இருந்தும் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பெயரைப் படித்துப் பார்த்தாள்.

ஊகம் போதாது. பூபதியின் நாற்காலியைக் கூடத்தின் மறு கோடியில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒரு மளிகைக்கடைக்காரருக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனாள். வளையம் இல்லாமல் படத்தைப் பார்த்துப் பேசச் சொன்னாள். பூபதி "மாடு" என்றதும் பெட்டி அதோடு சேர்த்து, மூத்த மருமகன் சரியில்லை என்றது. பூபதிக்குப் பிள்ளைகளே இல்லை. வளையத்தைக் கவ்வியதும் மருமகன் மறைந்தான்.

அன்று மாலைக்குள் நாலு பக்க அறிக்கை எழுதி மருத்துவமனைக்கும் கருவி செய்த நிறுவனத்துக்கும் அனுப்பினாள். நிறுவனம் முதலில் மறுத்தது. அவள் அளவுகளை அனுப்பினாள். பிறகு மறுக்கவில்லை, எத்தனை பேரிடம் எவருடைய மனம் கசிந்திருக்கும் என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் எழுதவில்லை. பத்து நாளில் கூடத்தில் எல்லோர் கம்பியிலும் வளையம் ஏறியது.

அறிக்கையில் எழுத முடியாத ஒரு வேலை மிச்சமிருந்தது. சனிக்கிழமை காலை அவள் கிணத்துக்கடவு பஸ்ஸில் ஏறினாள்.

ஹேமா வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். அது அவளுக்கு வேறு மாதிரி அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் கோகிலவாணி தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். கசிவு என்று நிரூபித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. பொறாமை அந்த அறிக்கையைப் படிக்கவில்லை போலிருந்தது. வாசல் பக்கமாகச் சம்பத்குமார் சாய்வு நாற்காலியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

ஹேமாவுக்கு இவளை அடையாளம் தெரிந்தது. பக்கத்துத் தடுப்புக்காரர். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பெட்டியை ஏன் கழற்றினீர்கள் என்று கோகிலவாணி கேட்டதும் முகம் மாறியது.

"அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரர் பெட்டியையும் நான் கழட்டி வெச்சிருந்தேனுங்க. பதினோரு நாள். ஹேமா ஹேமான்னு சொல்லிட்டிருந்தார்."

தையல் மிஷின் நின்றது.

கோகிலவாணி விளக்கினாள். தொழில் வார்த்தைகளைத் தவிர்த்துச் சொல்ல முயன்றாள். கம்பிக்குள் இரண்டு இழை. ஒன்றில் போகிற செய்தி இன்னொன்றில் திரும்பி வரும். எதிரெதிராக ஓடுவதால் வளையம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது இரண்டு இழையிலும் ஒரே திசையில் ஓடும். அதை மட்டும் வளையம் பிடித்துக்கொள்ளும். வளையம் இல்லாததால் உங்கள் வீட்டுக்காரர் கம்பியில் ஓடியது என் வீட்டுக்காரர் பெட்டியில் ஏறியது. என் வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இவருடைய வார்த்தையும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது.

"சொல்லணும்னு நினைச்சதை மட்டும்தானே பேசும்னாங்க?"

"அவங்கவங்க பெட்டி அப்படித்தானுங்க. அடுத்தவர் பெட்டிக்கு அது தெரியாதே. மனசுல சும்மா ஓடுனதுதான் அங்க வந்தது."

"பிடிச்சு என்ன பண்ணும் அந்த வளையம்?"

"சூடாக்கி விட்டுரும். கையில தொட்டாக்கூடத் தெரியாத சூடு."

ஹேமா கணவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் இருவரையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்ன சொன்னார்?" என்றாள் மெதுவாக. "என்னைப் பத்தி."

கோகிலவாணி சொன்னாள். பச்சைச் சேலை, தோள் வலி, சாப்பாடு, கண்ணாடி. தேதி வாரியாக அவளால் சொல்ல முடிந்தது, அவ்வளவு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஹேமா வாய்மேல் கை வைத்துக் கேட்டாள். முதல் வியாழக்கிழமை வந்த, பெயரில்லாத அந்த வாக்கியத்தை மட்டும் கோகிலவாணி சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தது, வரவில்லை. ஒரு வாரம் அது அவளுடையதாக இருந்தது.

ஹேமா எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தாள். துணியில் சுற்றி வைத்திருந்தாள். கோகிலவாணி வளையத்தைக் கவ்வி, பிளாஸ்திரியை எடுத்து, கனெக்டரை மாட்டினாள். இயர்போன் எதுவும் தேவைப்படவில்லை. ஹேமா கணவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, கோபமா என்று கேட்டாள்.

"இருக்குது," என்றது பெட்டி. பிறகு, "மெதுவாப் போகும்."

ஹேமா அழுது முடிக்கும்வரை கோகிலவாணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வந்ததிலிருந்து கேட்கத் துடித்ததைக் கேட்டாள். "உங்க பக்கம் என்ன கேட்டுதுங்க?"

ஹேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பக் கேட்டப்ப எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. கோகி, கோகின்னு. எவளோ ஒருத்தின்னு நினைச்சேன். பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருப்பா, உக்கார இடம் கெடைச்சிருக்காதுன்னு ஒரு நாள். இன்னொரு நாள், அவ முன்னாடி எச்சில் வடிச்சுட்டு உக்காந்திருக்கேனேன்னு. அப்புறம், அவ பெரிய பெரிய மிஷினெல்லாம் பாக்கறவ, என் வாயைத் தொடைச்சுட்டு உக்காந்திருக்கா, அவளுக்கு ஒரு நாளாவது லீவு கொடுக்கோணும்னு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "சிரிச்சுப் பாத்து நாளாச்சுன்னு ஒரு தடவை. அன்னைக்குத்தான் கழட்டுனேன். இல்லீங்க, அன்னைக்கு இல்ல. அதுக்கு அடுத்த வாட்டி வந்தப்ப."

"அடுத்த வாட்டி என்ன சொன்னார்?"

ஹேமா அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது முகத்தில் தெரிந்தது. பிறகு குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த குண்டூசிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"மறந்து போச்சுங்க," என்றாள்.

ஒரு மனிதனின் வாயையே கழற்ற வைத்த வாக்கியம் மறந்திருக்காது. அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. அவளிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது பூபதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே போய் நின்றாள். போன இடம், நடந்தது, அலமாரியில் கம்பி இருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். பேட்டரிக் கோளாறு பொய் என்பதையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். தெரியும் என்றார். அலமாரி முழுக்க மூடாமல் இருந்த ஒரு நாள் அவர் பார்த்திருக்கிறார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அங்க உக்காந்திருந்தப்ப என்னைப் பத்தி என்னென்ன நினைச்சீங்க?"

பூபதி யோசித்தார். உண்மையாகவே முயன்றார், நெற்றி சுருங்கியது.

"எப்ப?"

"கனெக்டர் மாத்துன பின்னாடி. ஹேமா வர்றதை நிறுத்துறதுக்கு முந்தி, கடைசி நாள்."

"அது மனசுல வரும், போகும் கோகி. ஞாபகம் இருக்காது."

அவர் பொய் சொல்லவில்லை. செப்பறை இல்லாமலே அவளுக்கு அது தெரிந்தது. அவளைப் பற்றி அவர் மனதில் ஓடிய ஒரு வாக்கியம், அவரிடமே இல்லாமல், இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தையல்காரியிடம் இருக்கிறது. உலகத்தில் அவளிடம் மட்டும். இத்தனை நாள் இல்லாத ஒரு ஹேமாமீது பொறாமைப்பட்டாள். இனிமேல் படப்போவது இருக்கிற ஹேமாமீது.

திங்கட்கிழமை கூடத்தில் சம்பத்குமார் தன் பழைய நாற்காலிக்கு வந்திருந்தார். ஹேமா பச்சைச் சேலையில் இருந்தாள். கோகிலவாணி பூபதியை உட்கார வைத்துவிட்டு, தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், அவளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். ஹேமா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இந்தச் சேலை உங்களுக்கு நல்லாருக்குங்க," என்றாள் கோகிலவாணி.

ஹேமா சிரித்தாள். வேறெதுவும் சொல்லவில்லை.